துலீப்சிங்ஜி: 27 வயதில் முடிந்த ஆட்டம்

மதுரையிலிருந்து திருமங்கலம் சாலையில் தோப்பூர் காசநோய் மருத்துவமனைப் பக்கம் போகும்போதெல்லாம், கிரிக்கெட் பித்துப் பிடித்தவனுக்கே உரிய கோணல் புத்தியால், எனக்குத் துலீப்சிங்ஜியின் நினைவு வந்துவிடுகிறது. நவாநகர் அரச குடும்பத்தைச் சேர்ந்த அவர், கேம்பிரிட்ஜில் படித்து, இங்கிலாந்தின் கவுண்டி (மாவட்ட) அணிகளில் ஒன்றான சஸ்ஸெக்ஸுக்காக ஆடினார். 1930 மே மாதம் ஹோவ் மைதானத்தில் நார்தாம்ப்டன்ஷயருக்கு எதிராக ஒரே நாளில் 333 ரன் குவித்து, தந்தையின் சகோதரரான ரஞ்சித்சிங்ஜி வைத்திருந்த 285 என்ற கவுண்டி சாதனையை முறியடித்தார்; அதைத் தாண்ட 2003-இல் மரே குட்வின் வரவேண்டியிருந்தது. அடுத்த மாதமே லார்ட்ஸ் டெஸ்டில் இங்கிலாந்து அணிக்காக ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 173 ரன் எடுத்த நிலையில், சுழற்பந்து வீச்சாளர் கிரிம்மெட்டின் பந்தைத் தூக்கி அடித்துப் பிராட்மனிடம் பிடி கொடுத்தார். இன்னும் கொஞ்சம் நிதானித்திருக்கலாம் என்று ரஞ்சியைப் போலவே எனக்கும் தோன்றும்.

1932-இல் அவர் தலைமையில் சஸ்ஸெக்ஸ் கவுண்டி சாம்பியன்ஷிப்பில் இரண்டாம் இடம் பிடித்தது. ஆனால் பருவம் முடியுமுன்பே காசநோய் அவரைச் சாய்த்தது. இங்கிலாந்தின் ஆஸ்திரேலியப் பயணத்துக்குத் தேர்வாகியும் கப்பல் ஏற முடியவில்லை. காசநோயைக் குணப்படுத்தும் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது 1943-இல்தான். அதுவரை ஓய்வும் மலைக்காற்றுமே மருந்து. 12 டெஸ்ட்களில் 995 ரன், சராசரி 58.52. 1961-இல் இந்திய உள்நாட்டுப் போட்டியாகத் தொடங்கிய துலீப் கோப்பையால் பெயர் நிலைத்தது என்றாலும், இங்கே ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்குப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்தப் பெயருக்குரியவரை அறிவார்கள் என்பது ஐயமே.