துவா மொழியின் எழுத்துகள்: ரஷ்யம் தெரிந்தவர்களும் காதிலிருந்தே தொடங்குங்கள்

துவா மொழி கற்க வருகிறவர்களில் பலர் தொண்டைப்பாட்டை, அதாவது ஒருவரே ஒரே நேரத்தில் இரண்டு சுருதிகளை எழுப்பிப் பாடும் பாட்டை, கேட்டு மயங்கி வந்தவர்கள். நானும் அப்படி வந்தவன்தான். பாடல் வரிகளைப் பார்த்து வாசிக்க வேண்டும் என்பதே முதல் ஆசை. ரஷ்ய எழுத்துகள் முன்பே தெரிந்திருந்தன. ரஷ்யம் தெரிந்தால் துவா எழுத்து ஒரே நாளில் வந்துவிடும் என்று பலரும் சொல்வார்கள். எழுத்து வந்துவிடும், சரிதான். ஒலி வராது. இந்த மொழியை எழுதப் பயன்படும் சிரில்லிக் வரிசையில் 36 எழுத்துகள். ரஷ்யத்தின் 33 எழுத்துகளும் அப்படியே இருக்கின்றன, கூடுதலாக மூன்று. ஆனால் பழைய 33இல் பலவும் இங்கே வேறு வேலை செய்கின்றன. அவற்றைப் புதிதாகக் கேட்டுப் பழகுகிறவருக்கே மொழி பிடிபடும்.

துவா துருக்கிய மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தது. தெற்கு சைபீரியாவில், கிஸில் நகரைத் தலைநகராகக் கொண்ட துவா குடியரசில் பேசப்படுகிறது. மங்கோலியாவின் மேற்கிலும் சீனாவின் ஷின்ஜியாங்கிலும் சிறு அளவில் பேசுகிறார்கள். 1930 வரை அங்கே எழுத்து வேலைகள் மங்கோலிய எழுத்தில் நடந்தன. மோங்குஷ் லோப்சான்-சின்மித் என்ற புத்த பிக்கு துவாவுக்கென லத்தீன் எழுத்து முறை ஒன்றை உருவாக்கினார். 1941இல், ஸ்டாலின் கால ஒடுக்குமுறையில் அவரைக் கொன்றார்கள். 1940களின் தொடக்கத்தில் லத்தீன் போய் சிரில்லிக் வந்தது. ஒரு தலைமுறைக்குள் மூன்று எழுத்துகளைக் கண்ட மக்கள் அவர்கள். இன்று நாம் படிக்கும் பாடநூல்களும் செய்தித்தாள்களும் சிரில்லிக்கில்தான்.

கூடுதல் மூன்று எழுத்துகளை முதலில் பார்த்துவிடலாம். ஒன்று, வட்டத்தின் குறுக்கே கோடு போட்டது. உதட்டை 'ஒ' சொல்லக் குவித்துக்கொண்டு, நாக்கை 'எ' சொல்லும் இடத்தில் வைத்தால் வரும் ஒலி. இரண்டாவது, மேலே இரண்டு கிளையும் கீழே ஒரு காலும் உள்ளது. உதடு 'உ'வுக்கு, நாக்கு 'இ'க்கு. மூன்றாவது, ரஷ்ய 'ன' எழுத்தின் வலக்காலில் சிறு வால் ஒட்டியது. அது நம் 'ங்'. தங்கம், சங்கு என்று 'க'வைத் துணைக்கு வைத்தே சொல்லிப் பழகிய நமக்கு, சொல்லின் கடைசியில் 'ங்' தனியாக நிற்பது புதிது. வீட்டுக்கு அவர்கள் சொல்லும் 'பஜுங்' அப்படித்தான் முடியும். பின்னால் 'க்' ஒட்டாமல், மூக்கிலேயே நிறுத்த வேண்டும்.

தமிழ் பேசுகிறவருக்குப் பெரிய உதவி ஒன்று இருக்கிறது. ரஷ்யத்தில் ஒரு வளைவும் பக்கத்தில் தனிக்கோடுமாக எழுதும் உயிர் துவாவில் எங்கும் நிறைந்திருக்கும். நாட்டின் பெயரிலேயே அதுதான் முதல் உயிர். அதை வெளிநாட்டு மாணவர்கள் பலர் 'இ' என்றோ 'உ' என்றோ சொல்லித் தடுமாறுகிறார்கள். காடு, பத்து, பாட்டு என்று சொல்லும்போது நம் வாயில் கடைசியில் வருகிற, உதடு குவியாத குற்றியலுகரம் அதற்கு மிக அருகில் இருக்கிறது. அதைச் சொல்லின் தொடக்கத்திலும் நடுவிலும் கொண்டுவந்து, கொஞ்சம் அழுத்திச் சொல்லிப் பாருங்கள். ரஷ்யர்கள் அந்த எழுத்தைச் சொல்லும் முறையைவிட இது துவாவுக்கு நெருக்கமானது என்பது என் எண்ணம்.

குறில் நெடிலும் நமக்குப் பிரச்சினை இல்லை. அவர்கள் நெடிலுக்கு உயிரை இரண்டு முறை எழுதுவார்கள். 'அல்' என்றால் எடு, 'ஆல்' என்றால் கூடாரங்கள் சேர்ந்த குடியிருப்பு. எ-ஏ, ஒ-ஓ வேறுபாடும் அப்படியே உண்டு. எழுத்தில் மட்டும் ஒரு சிக்கல். எகரத்துக்கு அவர்களிடம் இரண்டு எழுத்துகள். சொல்லின் தொடக்கத்தில் இடப்பக்கம் திறந்தது வரும், மற்ற இடங்களில் வலப்பக்கம் திறந்தது. நெடிலானால் சொல்லின் நடுவிலும் இடப்பக்கம் திறந்ததையே இரண்டாக எழுதுவார்கள். 'மென்' (நான்) என்பதில் ஒரு எழுத்து, 'மேங்' (என்னுடைய) என்பதில் வேறு எழுத்து. இது தெரியாவிட்டால் அகராதியில் சொல் தேடித் தேடிக் களைத்துப் போவீர்கள். இன்னொன்று: ஆங்கிலத்தில் எழுதிய பாடல் பட்டியல்களை நம்பி நீளத்தை முடிவு செய்யாதீர்கள். ஹூன்-ஹூர்-து என்ற துவா தொண்டைப்பாட்டுக் குழுவின் பெயரை ஆங்கிலத்தில் உகரத்தை இரட்டித்து எழுதுகிறார்கள். துவாவில் அங்கே இருப்பது நெடில் இல்லை, கிளையுள்ள அந்தக் குறில் எழுத்து.

இனி, உண்மையாகவே நேரம் கேட்கும் பகுதி. ரஷ்யத்தில் கடினக் குறி என்று ஓர் எழுத்து உண்டு. அதற்குத் தனி ஒலி கிடையாது, முன்னுள்ள மெய்யைப் பின்னுள்ள உயிரிலிருந்து பிரித்து நிறுத்தும். துவாவில் அதே குறி உயிருக்குப் பின்னால் வருகிறது, அந்த உயிரையே மாற்றிவிடுகிறது. குரல் சட்டென்று தாழ்ந்து, தொண்டை இறுகி, பிறகு மேலே எழும். 'அத்' என்று சாதாரணமாகச் சொன்னால் பெயர். அதே சொல்லில் தொண்டையை இறுக்கிக் குரலைத் தாழ்த்தினால் குதிரை. 'ஒத்' நெருப்பு, தாழ்ந்த குரலில் அதுவே புல். குதிரையும் புல்லும் இல்லாமல் அந்தப் புல்வெளி வாழ்க்கையில் ஒரு நாளும் நகராது. அதனால் இந்த ஒலியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைக்க முடியாது. ரஷ்ய மொழியியலாளர்கள் இதைத் தொண்டை இறுக்கமாக விவரிக்கிறார்கள், வேறு சிலர் தாழ்ந்த சுருதியாக. கற்கும்போது இரண்டையும் சேர்த்தே பிடியுங்கள்.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், இப்படி ஒலிக்கும் எல்லாச் சொல்லிலும் இந்தக் குறியை எழுதுவதில்லை. குழப்பம் வரும் சில சொற்களில் மட்டுமே எழுதுகிறார்கள். மற்றவை காது வழியாகத்தான். ஆகவே புதுச் சொல்லைக் குறித்துக்கொள்ளும்போது, பேசுகிறவர் குரல் தாழ்ந்தால் நோட்டில் உங்களுக்கென்று ஓர் அடையாளம் போட்டுவிடுங்கள். எனக்கு மிகவும் பயன்பட்ட பழக்கம் இது. கிஸிலில் பிறந்த என் ஆசிரியை ஒவ்வொரு இணைச் சொல்லையும் மாற்றி மாற்றிச் சொல்வார், நான் பொருளை மட்டும் தமிழில் சொல்ல வேண்டும். வாயால் சொல்லும் பயிற்சி அதற்குப் பிறகுதான்.

வல்லின மெய்களில் ரஷ்யப் பழக்கத்தை முழுவதும் விட வேண்டும். 'துவா மொழி' என்பதற்கு அவர்கள் சொல்வது 'துவா துல்'. தமிழில் இரண்டும் ஒரே 'து'. அவர்கள் முதலாவதை ரஷ்ய 'த' எழுத்தாலும் இரண்டாவதை ரஷ்யர்கள் குரல் அதிரும் 'த'வுக்கு ('பந்து'வில் வருவது போல) வைத்திருக்கும் எழுத்தாலும் எழுதுகிறார்கள். ஆனால் வேறுபாடு பெரும்பாலும் அதிர்வில் இல்லை, மூச்சில் இருக்கிறது. முதல் 'து'வில் மூச்சு வெளியே வீசும். இரண்டாவது, நாம் 'துணி' என்று சொல்லும் அதே மெல்லிய 'து'. ஆக, அதிரும் எழுத்தைப் பார்த்தால் தமிழ்போல் சொல்லுங்கள், மற்றதற்கு உள்ளங்கையில் மூச்சுப் படும்படி சொல்லுங்கள். சிலர் அதிர்வுடன் பேசுவதும் உண்டு.

சொல்லின் நடுவில் மெய் நெகிழ்வதும் நமக்குப் பழக்கமானதே. 'அத்' பெயர், 'அதும்' என் பெயர். நம் 'அது'வில் உள்ளதைப் போல நடுவில் ஒலி நெகிழ்கிறது. நாம் எழுத்தை மாற்றுவதில்லை, அவர்கள் மாற்றி எழுதுகிறார்கள். 'பஷ்' தலை, என் தலை 'பஜும்' என்பதைப் போல.

பன்மை விகுதியை எழுத்துப் பாடத்தோடு சேர்த்தே படித்துவிடுங்கள். அதற்கு எட்டு வடிவங்கள். முன்னுள்ள மெய்யைப் பொறுத்து 'லர், நர், தர்' என்று மாறும், உயிரைப் பொறுத்து 'லெர், நெர், தெர்' ஆகும். ('தர்', 'தெர்' இரண்டும் மேலே சொன்ன இரண்டு தகர எழுத்துகளாலும் வருவதால் எட்டு.) 'ஹொல்' என்றால் கை, பன்மை 'ஹொல்தர்'. அதே சொல்லைக் கோடு போட்ட வட்டத்தால் எழுதினால் ஏரி, பன்மை 'தெர்' என்று முடியும். முதல் உயிரைத் தவறாகக் கேட்டால் விகுதியும் தவறிவிடும் என்பதால், காது சரியாக இருக்கிறதா என்று சோதிக்க இதைவிட நல்ல பயிற்சி இல்லை.

தட்டச்சுக்கு: ரஷ்ய விசைப்பலகை போதாது. மங்கோலிய விசைப்பலகையில் கோடு போட்ட வட்டமும் கிளை எழுத்தும் உண்டு, வால் வைத்த 'ங்' கிடையாது. கசாக் விசைப்பலகையில் மூன்றும் இருக்கின்றன. துவாவுக்கென்று தனி விசைப்பலகை கிடைக்காத கருவியில் அதையே வைத்துக்கொள்ளுங்கள். அகராதியில் இந்த மூன்றும் தத்தம் மூல எழுத்துக்கு அடுத்ததாகவே வரும்.