ஆடியில் ஆற்றைக் கடப்பவை

தான்சானியாவின் அருஷாவுக்கு வந்த முதல் வருடம் எனக்குப் பருவமே பிடிபடவில்லை. ஆடிக் காற்று இல்லை, ஐப்பசி அடைமழை இல்லை. மார்ச் முதல் மே வரை கொட்டுவது மசிகா, நவம்பர் டிசம்பரில் பெய்வது வூலி என்று பக்கத்து வீட்டு அம்மாள் சொல்லித் தந்தார். அவரை ‘மாமா’ என்று அழைக்க வேண்டும். சுவாஹிலியில் அம்மாவுக்கு அதுதான் சொல். என் வாய்க்கு அது பழக ஒரு மாதம் ஆனது.

இரண்டாம் வருடம் பிப்ரவரியில் செரங்கெட்டியின் தெற்கே உள்ள என்டுட்டு சமவெளிக்குப் போனோம். நியூம்பு என்று இங்கே சொல்லும் வில்டபீஸ்ட்டுகள், மாடு போன்ற பெரிய மான்கள், கன்று ஈனும் காலம். எரிமலைச் சாம்பல் படிந்த மண். அதில் முளைக்கும் குட்டைப் புல்லில் சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரசும் அதிகம். பால் ஊறும் தாய்க்கு வேண்டியது அதுதான். பெரும்பாலான கன்றுகள் இரண்டு மூன்று வாரங்களுக்குள் பிறந்துவிடுகின்றன. சிங்கமும் கழுதைப்புலியும் எத்தனையைத்தான் தின்ன முடியும்? எங்கள் கண்ணெதிரே ஒரு கன்று விழுந்தது. எழுந்தது, சரிந்தது, மறுபடி எழுந்தது. பத்து நிமிடத்தில் தாயோடு ஓடியது. புல் தேடி வடக்கே போகும் இவை மாரா ஆற்றைக் கடக்கும் காட்சிக்குத்தான் உலகம் கூடுகிறது. என்னைக் கேட்டால் பிப்ரவரியில் வாருங்கள் என்பேன்.

வண்டி ஓட்டியவர் மாசாய், இங்கே மாடு மேய்க்கும் இனத்தவர். இந்த மாதங்களில் தங்கள் மாடுகளை மேட்டுப் பக்கம் ஓட்டிப்போய்விடுவோம் என்றார். கன்றுகளிடமிருந்து ஒரு காய்ச்சல் மாடுகளுக்குத் தொற்றும். நியூம்புவை அது ஒன்றும் செய்யாது, மாடு பிழைக்காது. வருடத்தின் நல்ல புல்லை விட்டுக்கொடுத்துவிட்டு அவர்கள் விலகி நிற்கிறார்கள்.

“முன்பு எங்கள் மாட்டிலிருந்து இவற்றுக்கும் நோய் போனது. சோடோகா” என்றார். அவர் விவரிக்க விவரிக்க எனக்குப் புரிந்தது. எங்கள் காங்கேயம் பக்கம் அதன் பெயர் வெக்கை. அப்பா சிறுவனாக இருந்தபோது ஒரே வாரத்தில் எங்கள் கட்டுத்தரை காலியானது. இங்கே 1890களில் மாடுகளும் நியூம்புகளும் சேர்ந்தே மடிந்தன. மாசாய்கள் பட்டினியில் செத்தார்கள். சுற்றுவட்டாரத்து மாடுகளுக்குத் தடுப்பூசி போட்ட பிறகு காட்டிலும் நோய் அடங்கியது. 1960களின் தொடக்கத்தில் சுமார் இரண்டரை லட்சமாக இருந்த நியூம்புகள் 1970களின் இறுதிக்குள் 13 லட்சத்தை எட்டின. நோய் உலகிலிருந்தே ஒழிந்ததாக 2011இல் அறிவித்தார்கள். அந்தச் சமவெளியில் நான் பார்த்த ஒவ்வொரு கன்றுக்குப் பின்னாலும் எங்கோ ஒரு மாட்டுக்குப் போட்ட ஊசி இருக்கிறது.

இரவு அப்பாவை அழைத்துச் சொன்னேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “புல் காய்ந்தால் எங்கே போகும்?” என்றார்.

“வடக்கே. ஜூலை வாக்கில் மாரா ஆற்றுக்குப் போய்ச் சேரும்.”

“அப்படியானால் ஆடி பிறந்ததும் கூப்பிடு. கடந்துவிட்டனவா என்று சொல்லம்மா.”