காரிபூ காக்பிட்டுக்குள்ள 360 டிகிரி

விமான மியூசியம் போற முக்கால்வாசி பேரு மூக்குப் பக்கம் நின்னு ஒரு போட்டோ, இறக்கைக்குக் கீழ ஒரு போட்டோ எடுத்துட்டு கிளம்பிடுவாங்க. அதனால பழைய ராணுவ விமானங்களோட வெளித்தோற்றத்துக்கு நெட்ல பஞ்சமே இல்ல, ஆனா உள்ள எப்படி இருந்துச்சு, பைலட் உக்காந்து பார்த்தா என்ன தெரியும், சிப்பாய்ங்க எங்க உக்காந்து போனாங்கன்னு தேடினா மங்கலா ஒண்ணு ரெண்டு படம்தான் மாட்டும். நான் பேனரமா, அதாவது ஒரே இடத்துல கேமராவைச் சுத்தி எடுத்த படங்களை ஒட்டி நாலா பக்கமும் திருப்பிப் பார்க்கற மாதிரி செய்யற 360 டிகிரி படம், எடுக்க ஆரம்பிச்சதே இந்த உள்பக்கத்துக்காகத்தான்.

கோலாலம்பூர் சுங்கை பெசி விமானத் தளத்துல ஆகாயப்படை மியூசியம் ஒண்ணு இருந்துச்சு, ஞாபகம் இருக்கா? 1965ல சுபாங் ஏர்போர்ட் வர்ற வரைக்கும் நம்ம ஊருக்கு ஏர்போர்ட்டே அந்த சுங்கை பெசிதான். அந்த மியூசியத்துல நின்ன காரிபூங்கற பழைய ராணுவச் சரக்கு விமானத்துக்குள்ள ஒரு நாள் காலைல படம் எடுக்க லெட்டர் போட்டு அனுமதி வாங்கியிருந்தேன். பசியாறிட்டு சீக்கிரமே போயிட்டேன், ஏன்னா பத்து மணி தாண்டிட்டா அலுமினியத் தோல் சூடேறி உள்ள நிக்கவே முடியாது, வேர்வை ஆவி லென்ஸ்ல படிய ஆரம்பிச்சிடும். அன்னிக்கு நல்ல மேகமூட்டம் வேற, இந்த வேலைக்கு அதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது.

காரிபூ பத்தி கொஞ்சம் சொல்லிடறேன். கனடாவுல டி ஹாவிலண்ட் கம்பெனி செஞ்சது, முதல்ல பறந்தது 1958ல, மொத்தமே 307தான் செஞ்சாங்க. ரெண்டு பிஸ்டன் இன்ஜின், பின்னாடி திறக்கற சாய்தளம், 32 சிப்பாய்ங்க உக்காரலாம். குட்டையான மண் ஓடுபாதையில இறங்கி ஏறும், அதனாலதான் சபா சரவாக் மாதிரி காட்டு ஏரியாவுக்கு நம்ம ஆளுங்க இதை வச்சிருந்தாங்க. ஆஸ்திரேலியாக்காரங்க 1964லேர்ந்து 2009 வரைக்கும் ஓட்டுனாங்கன்னா பார்த்துக்குங்க.

சரக்கு வைக்கற பகுதி ஒன்பது மீட்டருக்குள்ளதான் நீளம், அகலம் ரெண்டு மீட்டர் சொச்சம். அங்க எடுக்கறது சுலபம், நடுவுல ட்ரைபாட் வச்சா போதும். கஷ்டமெல்லாம் காக்பிட்லதான். உங்க ஒரு விரலை மூக்குக்கு முன்னாடி நீட்டி ஒவ்வொரு கண்ணா மூடித் திறந்து பாருங்க, விரல் இடம் மாறற மாதிரி தெரியும்ல, அதேதான் கேமராவைச் சுத்தும்போதும் நடக்குது. வெளியில மலை, கட்டடம் எடுக்கறப்போ இது தெரியவே தெரியாது, ஆனா காக்பிட்ல டயல் எல்லாம் ரெண்டு அடி தூரத்துல இருக்கு, ஒரு சென்டிமீட்டர் தள்ளிச் சுத்தினாலும் தையல் போடறப்போ, அதாவது படங்களை ஒண்ணோட ஒண்ணு ஒட்டறப்போ, ஒரு டயல் ரெண்டா உடைஞ்சு நிக்கும். அதுக்குத்தான் பேனரமா ஹெட், ட்ரைபாட் மேல கேமராவைப் பிடிச்சுச் சுத்தற பிடி. லென்ஸுக்குள்ள வெளிச்சம் நுழையற புள்ளி இருக்கு பாருங்க, அது சரியா சுழலற அச்சு மேல உக்காரணும். இதை வீட்லயே ரெண்டு குச்சியை, ஒண்ணு கிட்டக்க ஒண்ணு தூரத்துல நிறுத்தி, கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து அட்ஜஸ்ட் பண்ணி ஹெட்ல மார்க் போட்டு வச்சுக்கணும், விமானத்துக்குள்ள போய் அதைப் பண்ண இடமும் இருக்காது நேரமும் இருக்காது.

நான் வச்சிருந்தது எட்டு எம்எம் ஃபிஷ்ஐ லென்ஸ், ரொம்ப அகலமா பார்க்கற லென்ஸ். சுத்தி ஆறு பக்கம், மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, ஒவ்வொண்ணுக்கும் அஞ்சு எக்ஸ்போஷர், அதாவது வெளிச்சத்தைக் கூட்டிக் குறைச்சு அஞ்சு படம். கண்ணாடிக்கு வெளிய வானம் வெள்ளையா எரியுது, பெடல் பக்கம் கும்மிருட்டு, ஒரே எக்ஸ்போஷர்ல ரெண்டும் வராது. ட்ரைபாட் காலை ஒடுக்கி ரெண்டு சீட்டுக்கும் நடுவுல நிறுத்தி, கேமராவை பைலட் கண் உயரத்துக்குக் கொண்டு வந்தேன். உயரம் எனக்கு ரொம்ப முக்கியம், தலைக்கு மேல தூக்கிட்டா அது சிசிடிவி பார்வை ஆயிடும், மனுஷன் உக்காந்து பார்க்கற பார்வையா இருக்காது. ஒவ்வொரு தடவையும் கையை நீட்டி ஹெட்டைத் திருப்பிட்டு, கதவுக்குப் பின்னாடி ஒதுங்கி, ரிமோட்ல ஷட்டரை அழுத்தணும், அந்த நேரத்துல யாராவது உள்ள நடந்தா தரை லேசா அசைஞ்சு படம் போச்சு.

அப்போ பின்னாடி ஒரு பெரியவர் நின்னு பார்த்துட்டே இருந்தாரு, ஆகாயப்படையில மெக்கானிக்கா வேலை செஞ்சு ரிட்டயர் ஆனவராம். "தம்பி, மேலயும் எடுக்கறீங்களா? காரிபூவுல த்ராட்டில் மேலதான் இருக்கு"ன்னாரு. ஆமா, இந்த விமானத்துல இன்ஜினைக் கன்ட்ரோல் பண்ற லீவரு கூரையிலேர்ந்து தொங்கும், பைலட் கையைத் தூக்கித்தான் பிடிக்கணும். "எடுக்கறேன் ஐயா, நீங்க எதெது எதுக்குன்னு சொல்லுங்க, குறிச்சுக்கறேன்"னு சொன்னதும் ஒவ்வொரு சுவிட்சா சொல்லிட்டே வந்தாரு, அந்தக் குறிப்பெல்லாம் பேனரமாவுல கிளிக் பண்ணா வர்ற மாதிரி சேர்த்திருக்கேன். வெறும் படமா நின்னிருந்தா பாதி மதிப்புகூட இருந்திருக்காது. சாதாரண போட்டோகிராஃபர்ங்க மேல் ஷாட்டை வெறும் கூரைன்னு விட்டுடுவாங்க, காரிபூவுல அப்படி விட்டா விமானத்தையே ஓட்டற பகுதி காணாமப் போயிடும்!

ரெண்டு லென்ஸ் வச்ச சின்ன 360 கேமரா போதாதான்னு நிறைய பேரு கேக்கறாங்க. சரக்குப் பகுதிக்குப் போதும். காக்பிட்டுக்குப் போதாது, முதுகோட முதுகு ஒட்டுன ரெண்டு லென்ஸுக்கும் நடுவுல இடைவெளி இருக்கறதால கிட்டக்க இருக்கற பொருள் தையல்ல உடையும். அதுதான் கையில இருக்குன்னா ஒரு லென்ஸை நேரா டயல் போர்டைப் பார்க்க வைங்க, தையல் ரெண்டு பக்கச் சுவருக்குப் போயிடும்.

எடிட்டிங்ல நான் ட்ரைபாட் காலை மட்டும்தான் அழிக்கறேன். கீழ் ஷாட்டைத் தனியா கையில பிடிச்சு எடுத்து படம் தைக்கற சாஃப்ட்வேர் பிடிஜியுஐல சரிபண்ணி ஒட்டிடலாம், அதே மாதிரி ஹியூகின்னு ஒண்ணு இலவசம், அதுலயும் முடியும். உரிஞ்ச பெயின்ட், கிழிஞ்ச சீட்டு, காணாமப் போன டயலோட ஓட்டை, இதையெல்லாம் தொடவே மாட்டேன். சில பேரு பளபளன்னு சுத்தம் பண்ணிடறாங்க, எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது, அந்தத் தேய்மானம்தான் இது வேலை செஞ்ச விமானம்னு காட்டுது.

2018ல சுங்கை பெசி தளத்தை மூடிட்டாங்க, மியூசியமும் அதோட போச்சு. அந்த இடத்துல அந்தக் காக்பிட்ல இனிமே யாரும் உக்கார முடியாது, இந்த ஃபைலைத் திறந்தா மட்டும்தான் முடியும். அதனாலதான் சொல்றேன், உங்க ஊர்ல திறந்தவெளியில ஒரு பழைய விமானம் நிக்குதுன்னா, மழையும் வெயிலும் தின்னு முடிக்கறதுக்குள்ள லெட்டர் போட்டு அனுமதி கேளுங்க.

எனக்கு அடுத்து நூரி ஹெலிகாப்டர். 1968லேர்ந்து 2020 வரைக்கும் நாடு முழுக்கப் பறந்தது, அதோட உள்பக்கத்தை நல்ல ரெசொல்யூஷன்ல முழுசா நான் இன்னும் எங்கயும் பார்க்கல. நூரில க்ரூவா இருந்தவங்க உங்க சொந்தத்துல யாராவது இருந்தா எனக்குச் சொல்லுங்க, படம் எடுக்கறப்போ பக்கத்துல நின்னு ஒவ்வொரு சுவிட்சும் எதுக்குன்னு சொல்ல ஆள் வேணும்.