ஒவ்வாமை மருந்துகள் மனதில் நின்ற விதம்

நர்சிங் படிப்பில் ஒவ்வாமை, அழற்சி மருந்துகள் பகுதியைப் பட்டியலாக உருப்போட்டபோது ஒன்றோடொன்று குழம்பியது. கொடுக்கும் முன் நோயாளியிடம் என்ன கேட்க வேண்டும் என்பதோடு சேர்த்துப் படித்த பிறகுதான் பிடிபட்டது.

ஒவ்வாமையைத் தணிக்கும் குளோர்பெனிரமின் என்றால், "ஐயா, சிறுநீர் தடையில்லாமல் போகுதா? கண்ணில் பிரஷர் இருக்குன்னு சொல்லியிருக்காங்களா?" இதுபோன்ற பழைய ஆன்டிஹிஸ்டமின்கள் (ஒவ்வாமை மருந்துகள்) மூளைக்குள்ளும் போவதால் தூக்கம் வரும். இவற்றால் வாயும் உலரும், புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்களுக்குச் சிறுநீர் அடைக்கும். வயதானவர்கள் இரவில் எழும்போது தடுமாறி விழவும் கூடும். புதிய வகையான லோரடடினில் இந்தத் தொல்லை குறைவு. அதே வகையான செட்டிரிசின் சிலருக்குத் தூக்கக் கலக்கம் தரும். அதே வகையான ஃபெக்ஸோஃபெனடினைப் பழச்சாறோடு விழுங்கினால் உடலில் சேர்வது குறையும், தண்ணீர்தான் சரி. வலி, வீக்கம் குறைக்கும் ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனக் என்றால் வயிற்றுப்புண், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு மூன்றையும் விசாரிக்காமல் கொடுக்கக்கூடாது.

அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டுக்கு நோயாளியிடம் விளக்குவதுதான் பாதி வேலை. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைக் காலையில், சாப்பாட்டோடு போடச் சொல்வோம். சர்க்கரை ஏறும் என்பதால் நீரிழிவு உள்ளவர்களுக்கு அடிக்கடி பார்ப்போம். பல வாரம் சாப்பிட்டவர் சட்டென்று நிறுத்தினால் ஆபத்து. உடலின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி சோம்பிக் கிடக்கும், அதனால் டாக்டர் சொன்னபடி படிப்படியாகவே குறைக்க வேண்டும். ஸ்டீராய்டு இன்ஹேலருக்குப் பின் வாய் கொப்பளிக்காவிட்டால் நாக்கில் வெள்ளைப் பூஞ்சை படியும்.

உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமைக்குப் போடும் அட்ரினலின் ஊசி எவ்வளவு அவசரமானது என்பதை வார்டில்தான் உணர்ந்தேன். ஆன்டிபயாடிக் ஊசி போட்ட சிறிது நேரத்தில் ஓர் அம்மாவுக்கு உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சில் விசில் சத்தம், பிபி சரிந்தது. சீனியர் சிஸ்டர் ஆன்டிஹிஸ்டமினைத் தேடவே இல்லை. மருந்தை நிறுத்தி, உதவிக்குக் குரல் கொடுத்து, ஒரு மில்லியில் ஒரு மில்லிகிராம் உள்ள அட்ரினலினில் அரை மில்லி எடுத்து, தொடையின் வெளிப்பக்க நடுவில் தசைக்குள் போட்டார். "கால்களை உயர்த்து, ஆக்ஸிஜன் வை, நேரம் குறி" என்றார். தேறாவிட்டால் ஐந்து நிமிடத்தில் இன்னொரு டோஸ் என்று தயாராக நின்றோம். தேவைப்படவில்லை. தடிப்பைத் தணிக்கும் மாத்திரை மூச்சுக்குழாயைத் திறக்காது, பிபியையும் தூக்காது என்று பாடத்தில் படித்தது அன்றுதான் முழுதாக விளங்கியது.

சில மணி நேரம் கழித்து அறிகுறிகள் திரும்பலாம் என்பதால் அவரை உடனே அனுப்பவில்லை. "இந்த மருந்தின் பெயரை எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் சொல்லுங்கம்மா" என்று எழுதிக் கொடுத்து, அவர் வாயாலேயே ஒருமுறை சொல்லக் கேட்ட பிறகுதான் வீட்டுக்கு அனுப்பினோம்.