இரண்டு விமானங்களுக்கு நடுவே உள்ள வானம்

போர்விமான சிமுலேஷன் வீடியோக்களில் என்னை உறுத்துவது வெடிப்போ புகையோ அல்ல, இடைவெளி. நான்கு விமானங்கள் இறக்கையோடு இறக்கை உரசும்படி எதிரியின் எல்லைக்குள் நுழைகின்றன. என் அக்காள் மகன் அனுப்பும் வீடியோக்களில் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கின்றன. பார்க்க அழகுதான். ஆனால் சண்டைக்குப் போகிறவர்கள் அப்படிப் போவதில்லை.

நெருங்கிப் பறக்கும்போது துணை விமானத்தை ஓட்டுபவர் தலைவரின் விமானத்தை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது, எடுத்தால் மோதல். மேகத்துக்குள் சேர்ந்து நுழைய, சேர்ந்து தரையிறங்க அது தேவை. இந்திய விமானப்படையின் சாகசக் குழுவான சூரியகிரணின் ஒன்பது ஹாக் விமானங்கள் காட்டுவதும் அதுதான். அது தனிக் கலை. சண்டையிலோ கண் வானத்தில் இருக்க வேண்டும். பிரிட்டிஷார் இதை 1940இல் உயிர்களைக் கொடுத்துக் கற்றார்கள். மும்மூன்றாக அம்புமுனை வடிவில் பறந்தார்கள். தலைவர் வானத்தைப் பார்க்க, மற்ற இருவரின் கவனமெல்லாம் தலைவர் மேலேயே இருந்தது. ஜெர்மானியர்கள் அதற்கு முன்பே, ஸ்பெயின் உள்நாட்டுப் போரில், வெர்னர் மோல்டர்ஸ் போன்றவர்கள் வகுத்தபடி இரண்டிரண்டாகப் பிரிந்து, விரித்த விரல் நுனிகளின் அமைப்பில் நான்காகப் பறக்கப் பழகியிருந்தார்கள். ஒருவர் முதுகை மற்றவர் காக்க அதில் இடமிருந்தது. பிரிட்டிஷாரும் பிறகு அதற்கே மாறினார்கள். அமெரிக்கக் கடற்படையின் ஜான் தாச் 1941இல் வீட்டு மேசையில் தீக்குச்சிகளை வைத்து வகுத்த நெசவு முறைக்கும் இடைவெளியே அடிப்படை. விலகிப் பறக்கும் இருவரும் ஒருவரை நோக்கி ஒருவர் திரும்பினால், துரத்தி வருபவன் மற்றவரின் துப்பாக்கிக்கு முன்னால் வந்து மாட்டுவான்.

ஜெட் காலத்தில் இடைவெளி இன்னும் கூடியது. பக்கவாட்டில் ஒன்று முதல் ஒன்றரைக் கடல் மைல் வரை விலகிப் பறப்பது வழக்கம். ராமேஸ்வரத்துக்கு அருகே உள்ள மண்டபம் ஊரில் விசைப்படகுகளின் ஜிபிஎஸ், வயர்லெஸ் கருவிகளைப் பழுதுபார்ப்பவன் நான். கடல் மைல் எனக்குப் பழகிய அளவு. ஒன்றரைக் கடல் மைல் என்றால் ஏறத்தாழ 2.8 கிலோமீட்டர். சுமார் 22 மீட்டர் நீளமுள்ள சுகோய்-30 போர்விமானம் அவ்வளவு தூரத்தில் முழு நிலவின் அகலத்தைக்கூட எட்டாது.

இங்கே நாங்கள் அன்றாடம் பார்ப்பது உச்சிப்புளியில் உள்ள ஐஎன்எஸ் பருந்து என்ற கடற்படை விமானத் தளத்திலிருந்து தனியாகக் கிளம்பும் ரோந்து விமானங்களையும் ஹெலிகாப்டர்களையும்தான். தஞ்சாவூர் தளத்துக்கு 2020இல் சுகோய் படைப்பிரிவு வந்த பிறகு, அரியமான் கடற்கரையில் ஒரு நாள் அந்த இடைவெளியைக் கண்ணால் கண்டேன். சத்தம் வந்த திசையில் வானம் காலி. அதற்கு வெகு முன்னே ஒரு கரும்புள்ளி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவதைத் தேடிப் பிடிக்கக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வடக்கே துழாவ வேண்டியிருந்தது. இரண்டுக்கும் ஒரே வேகம், ஒரே போக்கு. உடம்பு சிலிர்த்துவிட்டது.

இவ்வளவு விலகியிருப்பவர்கள் சேர்ந்து எப்படித் திரும்புகிறார்கள்? இரட்டைமடி வலை இழுக்கும் இரண்டு படகுகளை எண்ணிப் பாருங்கள் (தடை செய்யப்பட்ட தொழில், கடலை அழிக்கும் அதை நான் ஆதரிப்பதில்லை). வளையும்போது வெளிப்பக்கப் படகு கூடுதல் தூரம் ஓடியாக வேண்டும். விமானங்களுக்கு நடுவே வலை கிடையாது. எனவே வலப்பக்கம் திரும்ப வேண்டுமானால் இடப்பக்கத்தவர் முதலில் திரும்புகிறார். வலப்பக்கத்தவர் நேரே போய்க்கொண்டிருந்துவிட்டு, முதலாமவர் தமக்குப் பின்புறம் நெருங்கும் நேரம் பார்த்துத் திரும்புகிறார். முடியும்போது இருவரும் பக்கம் மாறியிருப்பார்கள். இடைவெளியும் வேகமும் மாறியிருக்காது. அரை நிமிட வேலை. இதைக் காட்டும் வீடியோவை நான் திரும்பத் திரும்பப் பார்ப்பேன்.

அக்காள் மகனும் அவன் நண்பனும் டிசிஎஸ் வேர்ல்டு என்ற போர்விமான சிமுலேஷன் விளையாட்டின் காகசஸ் வரைபடத்தில் இப்போது இதைப் பழகுகிறார்கள். கடைசியாக அனுப்பிய பதிவில் நண்பன் தாமதமாகத் திரும்பியதால் இடைவெளி அகன்று, அவன் பின்தங்கியும் போனான். பிறகு வேகம் கூட்டி வரிசைக்கு வந்து சேர்ந்தான். “அந்த இடத்தை வெட்டிவிடட்டுமா மாமா?” என்று அக்காள் மகன் கேட்டான். வெட்டாதே என்றேன். கேமராவை உள்பக்க விமானியின் இருக்கையிலேயே வைக்கவும், திருப்பம் முடியும்வரை காட்சியை மாற்றாமல் இருக்கவும், இசையை எடுத்துவிட்டு வயர்லெஸ் பேச்சை மட்டும் விடவும் சொல்லியிருக்கிறேன்.