டிராக்கரிலிருந்து ஜிராவுக்கு: பாக்கியை மட்டும் எடுத்துச் செல்லுங்கள்

மென்பொருள் குழுக்கள் வேலைகளைப் பட்டியலிட்டுத் திட்டமிடப் பயன்படுத்திய பிவோட்டல் டிராக்கர் என்ற இணையக் கருவி 2025 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு நின்றுபோனது. மூடப்போகிறார்கள் என்ற செய்தி 2024 செப்டம்பரிலேயே வந்துவிட்டது. ஏழு மாதத்துக்கு மேல் அவகாசம். அதற்கு முன்பு, 2024 பிப்ரவரி 15-இல் அதே வகைக் கருவியான ஜிராவின் சர்வர் பதிப்புக்கு (சொந்தக் கணினியில் நிறுவிக்கொள்வது) அதைத் தயாரிக்கும் அட்லாசியன் நிறுவனம் ஆதரவை நிறுத்தியபோதும் அவகாசத்துக்குக் குறைவில்லை. ஆனால் காரைக்குடி, தேவகோட்டை போன்ற ஊர்களில் ஆறு பேர், எட்டுப் பேர் உட்கார்ந்து பில்லிங் மென்பொருளும் ஹோட்டல் புக்கிங் தளமும் எழுதும் குழுக்களில் இதற்கென்று தனி ஆள் கிடையாது. காலையில் பக் (நிரல் பிழை) திருத்துகிறவரேதான் மாலையில் கருவியையும் மாற்றியாக வேண்டும். அதனால் தேதி நெருங்கும்வரை தள்ளிப்போகும். பிறகு அவசரத்தில் இருப்பதையெல்லாம் அப்படியே அள்ளிக்கொண்டு போவார்கள். தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த அள்ளலில்தான் பிறக்கின்றன.

செட்டிநாட்டுப் பழைய வீடுகளில் கணக்குப் பேரேடு எழுதியவர்கள் இதைச் சரியாகச் செய்தார்கள். ஏடு முடிந்தால் ஒவ்வொரு பேரின் கீழும் பாக்கி கட்டி, அந்தப் பாக்கியைப் புதிய ஏட்டில் முதல் வரியாக இறக்குவார்கள். பழைய வரவு செலவை வரிக்கு வரி பெயர்த்து எழுத மாட்டார்கள். பழைய ஏடு கட்டிவைத்து அலமாரிக்குப் போகும், தகராறு வந்தால் பிரித்துப் பார்க்க. திட்டமிடல் கருவியை மாற்றும்போதும் இதே முறைதான் நிற்கிறது.

பாக்கி என்பது எது? இன்னும் முடியாத ஸ்டோரிகள் (செய்ய வேண்டிய வேலையின் ஒவ்வொரு பதிவும் ஒரு ஸ்டோரி), திறந்திருக்கும் பக்குகள், வாடிக்கையாளருக்குத் தேதி சொல்லிவிட்ட வேலைகள், அவ்வளவுதான். 'அக்செப்டெட்' (ஏற்கப்பட்டது) ஆகி முடிந்தவை ஏற்றுமதிக் கோப்பில் இருந்தால் போதும். சண்டை வருவது ஐஸ்பாக்ஸ் பற்றித்தான். டிராக்கரில் அது ஒரு பரண். 'பிறகு பார்க்கலாம்' என்று சொன்னதெல்லாம் அங்கே ஏறிக் கிடக்கும். ஓராண்டாக யாரும் தொடாததைக் கொண்டுபோக வேண்டாம் என்று முதலிலேயே ஒரு விதி வைத்துவிடுங்கள். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பேச உட்கார்ந்தால் இரண்டு மணி நேரம் போய், பத்து ஸ்டோரிகூடத் தாண்டியிருக்காது.

டிராக்கர் மூடுமுன் ஏற்றுமதி செய்து வைத்த சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) எக்செலில் இருமுறை தட்டித் திறப்பது முதல் விபத்து. இங்கே வாடிக்கையாளர் சொன்னதைத் தமிழிலேயே ஸ்டோரியில் போடுவது வழக்கம். 'ஆத்தங்குடிக் கல்லு ஆர்டர்ல கலர் மாத்துனா பில்லுல தனியா காட்டணும்ணே' என்று போனில் சொன்னது அப்படியே விவரத்தில் இருக்கும். கோப்பு யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் (தமிழையும் சேர்த்து எழுத்துகளைக் கணினியில் பதியும் முறை) இருந்தும் அதன் தலையில் அடையாளக் குறி இல்லையென்றால் எக்செல் அதை வேறு குறியாக்கமாக எடுத்துக்கொள்ளும். தமிழ் முழுவதும் பொருளற்ற லத்தீன் எழுத்துகளாக மாறிக் காட்சி தரும். அதோடு விட்டாலும் பரவாயில்லை, மூடும்போது 'சேமிக்கவா' என்று கேட்டதற்குச் சரி என்று அழுத்தினால் அந்தக் குப்பையே கோப்பில் நிலைத்துவிடும். தேதிகளின் வடிவமும் சேர்ந்து மாறியிருக்கும். மூலக் கோப்பைப் படிக்க மட்டும் என்று பூட்டிவைத்து, நகலில் வேலை செய்யுங்கள். எக்செல்தான் வேண்டும் என்றால் 'டேட்டா' பட்டியல் வழியாக உள்ளே இழுத்து, குறியாக்கத்தை நீங்களே தேர்ந்தெடுங்கள். ஒரு சிறு பைதான் நிரல் எழுதத் தெரிந்தவர் இருந்தால் எக்செல் பக்கமே போக வேண்டாம்.

நிரல் எப்படியும் தேவைப்படும், கருத்துரைகளுக்காக. டிராக்கரின் கோப்பில் ஒவ்வொரு கருத்துரையும் தனி நெடுவரிசையில் வரும். எழுதியவர் பெயரும் தேதியும் உரையின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் ஒட்டியிருக்கும். ஜிரா கேட்பதோ தலைகீழ் வரிசை: முதலில் தேதி, பிறகு ஆளின் கணக்கு அடையாளம், பிறகு உரை, நடுவே அரைப்புள்ளி. உரைக்குள்ளேயே அடைப்புக்குறி இருப்பது சகஜம் என்பதால் கடைசி அடைப்பை மட்டும் பிரிக்கும்படி நிரலை எழுத வேண்டும். வேலையை விட்டுப் போனவர்களின் கருத்துரையை யார் கணக்கிலும் ஏற்றாதீர்கள். பெயரை உரையிலேயே எழுதிவிட்டால் போதும். அவர்களுக்காகக் கணக்குத் திறந்து மாதக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை.

அடுத்தது எழுத்து வடிவம். டிராக்கர் மார்க்டவுன் வழியில், அதாவது #, * போன்ற குறிகளை வைத்து, எழுத்தை அலங்கரித்தது. ஜிராவின் சிஎஸ்வி இறக்குமதி அதன் பழைய விக்கிக் குறிகள் என்ற வேறொரு குறித்தொகுப்பை எதிர்பார்க்கும். மார்க்டவுனில் வரியின் தொடக்கத்தில் # போட்டால் தலைப்பு. ஜிராவின் விக்கிக் குறியில் அதே # எண்ணிட்ட பட்டியல். ஆக நான்கு தலைப்புகள் போட்டு ஒழுங்காக எழுதிய ஸ்டோரி, அங்கே போனதும் 1, 1, 1, 1 என்று நிற்கும். தடித்த எழுத்துக்கு இட்ட இரட்டை நட்சத்திரமும் சரியாக வராது. மிக நீளமான விவரங்களுக்கு இன்னொரு வேலி உண்டு: எக்செலின் ஒரு கட்டத்தில் 32,767 எழுத்துக்கு மேல் நிற்காது, ஜிராவின் உரைப் புலத்துக்கும் வழக்கமான வரம்பு அதே 32,767. சர்வர் பிழைப் பதிவை முழுசாக ஒட்டிவைத்த பக்குகள்தான் இதில் மாட்டும். பதிவைத் தனிக் கோப்பாக்கி இணைத்துவிடுங்கள்.

புலங்களை, அதாவது ஒவ்வொரு விவரத்துக்குமான கட்டங்களை, இரு கருவிக்கும் நடுவே பொருத்துவது சுலபம் என்று தோன்றும். டிராக்கரின் ஃபீச்சர் (புது வசதி) ஜிராவில் ஸ்டோரியாகவும், சோர் (பராமரிப்பு வேலை) டாஸ்க்காகவும், ரிலீஸ் (வெளியீடு) 'ஃபிக்ஸ் வெர்ஷன்' ஆகவும் போய்விடும். கவனிக்க வேண்டியவை வேறு மூன்று. டிராக்கர் லேபிளில் சொற்களுக்கு நடுவே இடைவெளி இருக்கலாம். ஜிரா லேபிளில் கூடாது. 'ஆத்தங்குடி கல்' என்ற லேபிளை அடிக்கோடு போட்டு ஒட்டாவிட்டால் சிக்கல்தான். டிராக்கரில் எபிக் (பல ஸ்டோரிகள் சேர்ந்த பெரிய வேலை) என்பதே ஒரு லேபிளோடு கட்டப்பட்டது. ஆகவே எந்த ஸ்டோரி எந்த எபிக்கின் கீழ் என்பதை லேபிளை வைத்துத்தான் கண்டுபிடித்துப் பெற்றோர் நெடுவரிசையில் நிரப்ப வேண்டும். மூன்றாவது, பாயிண்ட் (வேலையின் அளவை மதிப்பிடும் எண்). ஜிராவில் நிறுவன அளவில் நிர்வகிக்கும் திட்டத்தில் ஒரு பாயிண்ட் புலமும், குழுவே நிர்வகிக்கும் திட்டத்தில் ஏறக்குறைய அதே பெயரில் இன்னொரு புலமும் உண்டு. தவறான புலத்தில் ஏற்றினால் எண்கள் உள்ளே இருக்கும், போர்டில் (வேலைகளைப் பத்திகளாகக் காட்டும் திரை) தெரியாது. மதிப்பிடாத ஸ்டோரியின் கட்டத்தைக் காலியாகவே விடுங்கள். பூஜ்யம் போட்டால் அது மதிப்பிட்டதாகக் கணக்காகிவிடும்.

முடிந்த ஸ்டோரிகளையும் கொண்டுபோயே தீருவோம் என்பவர்கள் 'ரெசல்யூஷன்' நெடுவரிசையைத் தனியாகச் சேர்க்க வேண்டும். நிலை 'டன்' என்று இருந்தாலும் அந்தப் புலம் காலி என்றால் பல அறிக்கைகளில் தீராத வேலையாகவே நிற்கும்.

கோப்பு ஏறியது என்பதற்காக மாற்றம் முடிந்துவிடாது. டிராக்கர் பழக்கிய கை வேறு. அங்கே பேக்லாக்கை (செய்ய வேண்டியவற்றின் பட்டியல்) மேலிருந்து கீழாக அடுக்கினால் போதும். கடைசி மூன்று சுற்றுகளில் (ஒரு வாரம், இரண்டு வாரம் எனப் பிரித்த வேலைக் காலம்) முடித்த பாயிண்டின் சராசரியை வைத்து (சுற்றுகளின் எண்ணிக்கையை மாற்றிக்கொள்ள முடிந்தது) எந்த ஸ்டோரி எந்த வாரத்தில் விழும் என்று கருவியே கோடு போட்டுவிடும். சுற்று தானாக முடியும், தானாகத் தொடங்கும், முடியாதது தானாக அடுத்ததில் நிற்கும். ஜிராவில் சுற்றுக்குப் பெயர் ஸ்பிரிண்ட்; அதை ஒருவர் தொடங்க வேண்டும், ஒருவர் முடிக்க வேண்டும், மீதியை எங்கே போடுவது என்று பதில் சொல்ல வேண்டும். யார் அந்த ஒருவர் என்று பெயர் குறிக்காத குழுவில் இரண்டு வார ஸ்பிரிண்ட் ஐந்து வாரம் திறந்தே கிடக்கும். அதன் பிறகு அறிக்கையைப் பார்த்துப் பயனில்லை.

பழைய வேகத்தை (ஒரு சுற்றில் முடித்த பாயிண்ட்) கருவி தூக்கிவராது, நீங்கள்தான் எழுதிவைக்க வேண்டும். ஏற்றுமதிக் கோப்பில் சுற்று எண், மதிப்பீடு என்ற இரண்டு நெடுவரிசைகள் உண்டு. ஏற்கப்பட்ட ஸ்டோரிகளின் மதிப்பீட்டைச் சுற்றுவாரியாகக் கூட்டி, கடைசி ஆறு எண்களை ஒரு தாளில் வையுங்கள். முதல் மூன்று ஸ்பிரிண்டுக்கு எவ்வளவு எடுப்பது என்பதற்கு அதுதான் ஆதாரம். ஒரு எச்சரிக்கை: டிராக்கரில் பக்குக்கும் சோருக்கும் இயல்பாகப் பாயிண்ட் இருந்ததில்லை. ஜிராவுக்கு வந்ததும் ஆர்வத்தில் பக்குக்கும் பாயிண்ட் போட ஆரம்பித்தால் வேகம் கூடியதுபோலத் தெரியும், உண்மையில் அளவுகோல்தான் மாறியிருக்கும்.

டிராக்கரின் நல்ல குணம் ஒன்று காணாமல் போகும், அதை வலிந்து காப்பாற்ற வேண்டும். அங்கே நிரல் எழுதியவர் 'டெலிவர்' (ஒப்படைப்பு) செய்வார். வேலையைக் கேட்டவர் 'அக்செப்ட்' (ஏற்பு) அல்லது 'ரிஜெக்ட்' (மறுப்பு) அழுத்துவார். வேலை முடிந்ததா என்பதைச் செய்தவர் தீர்மானிப்பதில்லை. ஜிராவின் வழக்கமான போர்டில் செய்ய வேண்டியது, நடப்பது, முடிந்தது என மூன்றே பத்திகள். எழுதியவரே இழுத்து 'முடிந்தது' பத்தியில் போட்டுவிடலாம். நடுவில் 'ஏற்புக்கு' என்று ஒரு நிலையைச் சேர்த்து, அதிலிருந்து வெளியேறும் இரண்டு வழிகளையும் கேட்டவருக்கு மட்டும் திறந்துவிடுங்கள். மற்ற அலங்காரங்கள் எல்லாம் பிறகு ஆகட்டும். இதை மட்டும் முதல் நாளே செய்ய வேண்டும்.

நாள் குறிப்பதில் ஊர் நடப்பையும் பார்க்க வேண்டும். பாரம்பரிய வீடுகளை விடுதியாக நடத்தும் வாடிக்கையாளர்களுக்கு டிசம்பர், ஜனவரி பயணிகள் வரும் காலம். அப்போது புக்கிங் தளத்தில் சின்னத் தடங்கலுக்கும் போன் அடிக்கும். மாசி, பங்குனியில் முத்துமாரியம்மன் திருவிழா வாரத்தில் வைத்தால் காரைக்குடிக் குழுவில் பாதிப் பேர் லீவு. டிராக்கர் நின்ற பிறகு வேலைகளை எங்கே எழுதிவந்தீர்களோ அங்கே, ஒரு சுற்று முடியும் வெள்ளி மாலை எழுதுவதை நிறுத்தி, சனிக்கிழமை ஏற்றி, ஞாயிறை இடர்ப்பாட்டுக்கு என்று விட்டுவைப்பது தோதானது. அதற்கு ஒரு வாரம் முன்பு முப்பது ஸ்டோரிகளை வைத்து வெள்ளோட்டம் பாருங்கள். முப்பதில் தமிழ் விவரம், நீளமான கருத்துரை, இணைப்புப் படம், எபிக், மதிப்பிடாத பக் என ஒவ்வொரு வகையும் இருக்க வேண்டும். ஏபிஐ (நிரல் மூலம் நேரடியாக ஏற்றும் வழி) வழியாக ஏற்றுகிறவர்கள் ஏற்றுமுன் அறிவிப்பு மின்னஞ்சலை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வாடிக்கையாளர் உட்பட எல்லார் பெட்டியிலும் நூற்றுக்கணக்கில் விழும். வரிசை கலையாமல் வந்ததா என்று பேக்லாக்கின் முதல் இருபதை மட்டும் பழையதோடு ஒப்பிட்டால் போதும். சரிபார்க்க வசதியாகக் கோப்பில் 1, 2, 3 என்று ஒரு வரிசை எண் நெடுவரிசையை முன்பே சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, டிராக்கரின் ஸ்டோரி எண். கிட் (நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) பதிவுகளில் சதுர அடைப்புக்குள் # போட்டு எழுதிய அந்த எண்கள் ஆண்டுக்கணக்கில் நிரலோடு இருக்கும். வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்த சுட்டிகள் இனித் திறக்காது, ஆனால் சுட்டியின் வாலில் அதே எண் இருக்கும். ஜிராவில் தனியாக ஒரு புலம் திறந்து பழைய எண்ணை அதில் ஏற்றுங்கள். அதைத் திரையில் காட்ட வேண்டாம், தேடலில் சிக்கினால் போதும். கொண்டுவராத ஸ்டோரி என்றால் அதே எண்ணை வைத்து அலமாரிக் கோப்பில் தேடிக்கொள்ளலாம். அந்தக் கோப்பும் இணைப்புகளும் அடங்கிய ஜிப்பை அலுவலகக் கணினியில் ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு இடத்தில் வையுங்கள்.