வெனிஸ் படகில் ஒரு கூச்சல்

வெனிஸ் ஊருக்குள் பஸ்ஸும் கிடையாது, காரும் கிடையாது. வப்போரெத்தோ என்கிற நீர்ப்பேருந்துதான் எல்லாவற்றுக்கும். ரயில் நிலையப் படிகளில் இறங்கினால் எதிரிலேயே படகுத்துறை. பெரிய கால்வாயின் நெடுகிலும் நின்று நின்று போகும் 1ஆம் எண் படகில் நிற்க இடம் கிடைத்தாலே புண்ணியம். இருபுறமும் உள்ள அரண்மனைகளைப் பற்றி எல்லோரும் எழுதித் தள்ளியாயிற்று. நான் சொல்ல வந்தது ரியால்தோ துறையில் நடந்த கூத்து.

துறையைத் தொட்டதும் படகு ஊழியர் கயிற்றை முளையில் சுற்றி இழுப்பார். படகு ஒரு குலுக்குக் குலுக்கும். அதன் பிறகுதான் கதவைத் தள்ளித் திறப்பார். அதற்குள் இறங்கும் கூட்டம் முழுக்கக் கதவடியில் நெருக்கும். யார் இடித்தாலும் யாரும் திரும்பிப் பார்க்காத அந்தச் சில நொடிகள்தான் பிக்பாக்கெட்காரர்களுக்கு முகூர்த்தம்.

எனக்கு முன்னால் முதுகுப்பையோடு ஒரு வயதான அம்மா. அவர் பின்னால் தொப்பி, கூலிங்கிளாஸ், விரித்த மேப் என அசல் சுற்றுலாக்காரி போல ஒரு இளம்பெண். மேப்புக்கு அடியில் விரல்கள் மட்டும் ஜிப்பை நகர்த்திக்கொண்டிருந்தன. எனக்கு உறைப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் கிழித்தது: "அத்தென்சியோனே! போர்செஜாத்ரிச்சி!" ஜேப்படிக்காரிகள், ஜாக்கிரதை! கத்தியவர் காய்கறித் தள்ளுவண்டியோடு நின்ற உள்ளூர்ப் பெண்மணி.

படகே தன் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது. (பர்ஸ் எங்கே இருக்கிறது என்று திருடனுக்குக் காட்டிக் கொடுப்பதும் இதேதான்.) தொப்பென்று ஒரு பர்ஸ் கீழே விழுந்தது. ஒரு பையன் சட்டென்று அதன்மேல் ஷூவை வைத்தான். இன்னொருவர் அம்மாவின் பையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெண்ணோ வெறுங்கைகளை விரித்துக் காட்டி, எல்லோரையும் திட்டிக்கொண்டே கூட்டாளியோடு இறங்கிப் போய்விட்டாள். யாரும் துரத்தவில்லை, அதுவே சரி என்பேன். உருண்ட சில்லறையை நாலைந்து நாட்டுக்காரர்கள் குனிந்து பொறுக்கினோம். நடுங்கிக்கொண்டிருந்த அம்மா துறையைத் தவறவிட்டுவிட்டார். தள்ளுவண்டிப் பெண்மணி அடுத்த துறையில் அவரோடு தானும் இறங்கினார்.

போலீஸ் எதற்கு இருக்கிறது என்று கேட்கலாம். 2022 டிசம்பர் இறுதியில் அமலுக்கு வந்த சட்டத் திருத்தம், இத்தாலியில் இத்தகைய திருட்டுக்குப் பொதுவாகப் பறிகொடுத்தவரே புகார் கொடுத்தால்தான் வழக்கு என்று ஆக்கியது. நாளைக்கு விமானம் ஏறுகிறவர் ஸ்டேஷன் வாசலில் காத்திருப்பாரா? அதனால் உள்ளூர்க்காரர்களே தொண்டையை நம்புகிறார்கள். 'சித்தாதினி நோன் திஸ்த்ராத்தி' (கவனம் சிதறாத குடிமக்கள்) என்று ஒரு குடிமக்கள் குழுவே இதற்காக இயங்குகிறது. அதைச் சேர்ந்த மோனிக்கா போலியின் கூச்சல் 2023இல் டிக்டாக்கில் உலகம் சுற்றியது. ஜேப்படிக்காரர் என்று ஒருவர் முகத்தைப் படம்பிடித்துப் போடுவதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. ஆள் மாறினால் ஒரு அப்பாவியின் மானம் போகும். பறிகொடுக்கப் போகிறவரின் தோளைத் தட்டினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

யார் உதவுவார்கள் என்பதற்கு நியூயார்க் கடற்கரையில் ஒரு சோதனை நடந்திருக்கிறது. உளவியலாளர் மோரியார்ட்டி 1975இல் வெளியிட்டது. சொந்தக்காரர் எழுந்துபோன நேரத்தில் அவர் ரேடியோவை ஒருவர் திருடுவதுபோல் நடித்தபோது, 'கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று முன்பே கேட்டுக்கொள்ளப்பட்டவர்களில் 95 சதவீதம் பேர் தடுத்தார்கள். அப்படிக் கேட்கப்படாதவர்களில் 20 சதவீதம்தான்.

சாயங்காலம் அக்கதேமியா துறையில் அதைச் சோதித்துப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற சிறுவனிடமும் அவன் அப்பாவிடமும் சைகையால் பையைக் காட்டிவிட்டு டிக்கெட் எடுக்கப் போனேன். திரும்பி வந்தால், அப்பா போனில் மூழ்கியிருக்க, பையன் என் பைமேல் ஏறி உட்கார்ந்து, வருகிறவன் போகிறவனை எல்லாம் முறைத்துக்கொண்டிருந்தான். நான் கிட்டே போனதும் என்னையும்தான்.